சிற்றடிகள் ஏறும் குன்று

(பள்ளிப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

  

பள்ளி விடுமுறை நெருங்கியவுடன் வீடுதோறும் ஒரு கேள்வி எழுகின்றது. பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? பொருள் படைத்தோர் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் வண்டி அமர்த்துகின்றனர். பொருளில்லாதோர், 'எங்களுக்கு ஏது மலை, எங்களுக்கு ஏது அருவி' என்று பெருமூச்செறிந்து வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். போனவர் பிள்ளை வண்டியின் பலகணி வழியே மலையைப் பார்த்துத் திரும்புகின்றது. போகாதவர் பிள்ளை கைபேசித் திரையில் அதே மலையைப் பார்த்துக் கொள்கின்றது. இருவர் காலிலும் மலைமண் ஒட்டவில்லை!

ஊரை ஒட்டி நிற்கும் குன்று என்ன ஆயிற்று? பாட்டனார் ஆடு மேய்த்த குன்று அது. பாட்டியார் விறகொடித்த குன்று அது. மழைநீரைத் தாங்கிக் கண்மாய்க்கு அனுப்பி, ஊருக்கே சோறிட்ட குன்று அது. அதன்மேல் கால் வைத்த பிள்ளைகள் இன்று எத்தனை பேர்? ஒரு காலைப்பொழுதும், ஒரு பொதி சோறும், வேண்டுமளவு தண்ணீரும் இருந்தாற் போதும். ஏழைக்கும் செல்வர்க்கும் ஒன்றுபோல் கிட்டும் உலா அது. ஆயினும் அணியமின்றிப் புறப்பட்டால் அதே உலா அழுகையிலும் காயத்திலும் முடியும். ஒருமுறை அழுத பிள்ளை மறுமுறை வர மறுக்கும். ஆகவே குடும்பத்தோடு செல்லும் குன்றுலாவைப் பிள்ளையின் அடியால் அளந்து வகுத்தல் வேண்டும். அவ்வாறு வகுத்தால் பிள்ளை குன்றை அறியும். அறிந்த குன்றைப் பின்னாளில் அதுவே காக்கும். இவ்வுரையின் பிழிவு இவ்வளவே.

பொதுப்படப் பேசுவதினும் ஓர் இடத்தை முன்னிறுத்திப் பேசுதல் தெளிவு தரும். மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்க. மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், அழகர்மலைக்கும் மேலூருக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் உள்ள சிற்றூர் அது. ஏழு சிறு குன்றுகள் அவ்வூரைச் சூழ்ந்து நிற்கின்றன. குன்றுகளினின்று இறங்கும் மழைநீர் 72 ஏரிகளையும், 200 ஊற்றுகளையும், மூன்று தடுப்பணைகளையும் கொண்டதொரு நீரமைப்பை உயிர்ப்பிக்கின்றது. ஆனைகொண்டான் ஏரி அவற்றுள் பெயர் பெற்றது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் அங்குப் பதிவாகியுள்ளன. லகுடு என்னும் வல்லூறும் இராசாளிப் பருந்தும் அப்பாறைகளை நாடுகின்றன. அழுங்கும் தேவாங்கும் மலைப்பாம்பும் அங்கு வாழ்கின்றன. இவற்றையெல்லாம் கருதியே 2022 நவம்பர்த் திங்களில் அரிட்டாபட்டியும் அடுத்துள்ள மீனாட்சிபுரமும் சேர்ந்த ஏறத்தாழ 193 எக்டேர்ப் பரப்பைப் பல்லுயிர் மரபுத் தலமாகத் தமிழ்நாட்டரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் அவ்வாறு அறிவிக்கப்பெற்ற முதலிடம் அதுவே.

அங்குள்ள கழிஞ்சமலையில் சமண அடியார்கள் உறைந்த முழையும் கற்படுக்கைகளும் உள்ளன. முழையின் நெற்றியில், ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய தமிழி எழுத்துகள் நிற்கின்றன. மலையைக் குடைந்து பாண்டியர் காலத்தில் எடுத்த சிவன் கோயிலொன்றும் உண்டு. ஆக, நீர், பறவை, கல், எழுத்து ஆகிய நான்கும் ஒரு காலைப்பொழுதின் நடைக்குள் அடங்குகின்றன. குழந்தையோடு செல்வோர்க்கு இதனினும் நல்லிடம் வேறென்ன வேண்டும்?

இனி உலாவை வகுக்கும் முறைக்கு வருவோம்.

முதலில் எண்ண வேண்டியது, யார் யார் வருகின்றனர் என்பது. குழுவில் நான்கு அகவைக் குழந்தை ஒன்றும், முழங்கால் வலியுள்ள பாட்டியார் ஒருவரும் இருப்பின், அவ்விருவரே அந்த உலாவின் தலைவர். மற்றையோர் எவ்வளவு விரைவாக நடக்க வல்லார் என்பது கணக்கில் வாராது. பெரியவர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தொலைவைக் குழந்தை கடக்க இரண்டு மணி நேரமும் ஆகலாம். கூழாங்கல்லை எடுத்துப் பார்க்க நிற்கும். எறும்பு வரிசையைப் பார்க்கக் குந்தும். வந்த வழியே ஓடும். இதனைக் காலத்தாழ்ச்சி என்று கடிந்து கொள்வோர் உலாவின் பயனையே கடிகின்றனர். குழந்தை நின்று பார்ப்பதற்காகத்தான் உலா! ஆதலின் தொலைவைக் கணக்கிடாது பொழுதைக் கணக்கிடுக. சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்திற்கு இடைநிறுத்தங்கள் உட்பட மூன்று மணி நேரம் போதும். இன்னும் சிறிது நடக்கலாம் என்று பிள்ளை கேட்கும்போதே திரும்பிவிடுதல் நன்று.

இரண்டாவது, காலத் தேர்வு. மழை ஓய்ந்து ஏரி நிறைந்திருக்கும் மார்கழி, தை, மாசித் திங்கள்களே ஏற்றவை. அப்பொழுது வெயில் தணிந்திருக்கும். வலசை வரும் பறவைகளும் நீர்நிலைகளில் இருக்கும். பங்குனி தொட்டுப் பாறை கொதிக்கும். கோடை விடுமுறையிலேயே போக நேரிடின், விடியலில் ஏறி எட்டு மணிக்குள் இறங்கிவிடுதல் வேண்டும். குளிர்காலத்திலும் கதிரவன் எழும்போது நடையைத் தொடங்கிப் பத்து மணிக்கு நிழலுக்குத் திரும்புதல் நன்று. மழை பெய்த மறுநாள் பாறையில் ஏறாதிருக்க; பாசி படிந்த பாறை எண்ணெய் தடவிய பலகையை ஒக்கும்.

பேருந்தில் செல்வோர்க்கு ஒரு குறிப்பு. போகும் பேருந்தின் நேரத்தை எல்லாரும் கேட்டறிவர். திரும்பும் பேருந்தின் நேரத்தைக் கேட்க மறப்பர். சிற்றூருக்கு வரும் பேருந்து அடிக்கடி வாராது. அதனைத் தவறவிட்ட குடும்பம் உச்சிவெயிலில் சாலையோரம் நிற்கும். ஆகவே திரும்பும் நேரத்தை முதலில் கேட்டு, அதற்கேற்ப ஏறும் நேரத்தை அமைக்க. எங்குச் செல்கின்றனர், எப்பொழுது திரும்புவர் என்பதை வீட்டில் இருப்பவரிடமோ அண்டை வீட்டாரிடமோ சொல்லிச் செல்க.

மூன்றாவது, வழித் தேர்வு. அரிட்டாபட்டியில் ஏரிக்கரை, குடைவரைக் கோயில், தமிழி எழுத்துள்ள முழை ஆகியவற்றை மூன்று நிறுத்தங்களாகக் கொள்ளலாம். ஏரிக்கரை நடை எல்லார்க்கும் உரியது. முழங்கால் இயலாதோர் அங்கேயே மரநிழலில் தங்கலாம். துணைக்கு ஒருவர் உடனிருத்தல் வேண்டும். குழந்தைகள் மிகச் சிறியோராயின் இரண்டு நிறுத்தத்தோடு முடித்துக்கொள்க. ஏழு குன்றுகளையும் ஒரே நாளில் ஏறி முடிப்பேன் என்னும் வீறாப்பு இளைஞர்க்கு ஆகலாம், குடும்பத்திற்கு ஆகாது. குன்று எங்கும் ஓடிவிடாது. அடுத்த ஆண்டும் அங்கேயே நிற்கும்.

ஊருக்குள் நுழைந்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கண்டு வழி கேட்க. எந்தப் பாறை வழுக்கும், எந்தப் பள்ளத்தில் நீர் ஆழம், எந்தப் பாறையிடுக்கில் தேனடை தொங்குகின்றது என்பவற்றை அவ்வூர் ஆடு மேய்ப்பவர் அறிவார். எந்த வரைபடமும் அறியாது. வனத்துறையினர் அல்லது ஊராரின் இசைவு வேண்டப்படும் இடமாயின் அதனைப் பெற்றே செல்க. வேறெந்தக் குன்றுக்குச் செல்வோரும் இம்முறையையே கடைப்பிடித்தல் நலம்.

நான்காவது, கொண்டுசெல்லும் பொருள்கள். ஆளுக்கு ஓர் இலிட்டர் தண்ணீர் குறைந்த அளவு. வெயில் மிகுந்தால் ஒன்றரை. உப்பிட்ட நீர்மோர் ஒரு குடுவை இருந்தால் களைப்புத் தீரும். உணவுக்குப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கெடாமல் தாங்கும். வாழையிலையில் கட்டினால் உண்டபின் குப்பையும் இராது. பொரிகடலை, வேர்க்கடலை உருண்டை, வாழைப்பழம் ஆகியவை இடையிடையே கொடுக்க ஏற்றவை. நெகிழிப் பையில் அடைத்த தின்பண்டங்களைத் தவிர்க்க. கொண்டு சென்ற குப்பை யாதாயினும் திரும்ப வீட்டுக்கே வருதல் வேண்டும்.

ஆடை பருத்தியாகவும் காலை மூடுவதாகவும் இருக்கட்டும். மின்னும் நிறங்களைக் கண்டால் பறவை விலகும். தலைக்குத் தொப்பியோ துண்டோ வேண்டும். தேய்ந்த இரப்பர்ச் செருப்போடு பாறையில் ஏறுதல் பெருந்தவறு. பள்ளிக்கு அணியும் மூடுசெருப்பே போதும், ஆயினும் அடிப்பகுதி தேயாதிருத்தல் வேண்டும். காயம் கழுவத் தூய நீர், கட்டுத் துணி, பஞ்சு, மருந்துக் களிம்பு, மூத்தோர் வழக்கமாக உண்ணும் மாத்திரை ஆகியவற்றை ஒரு சிறு பையில் இடுக. ஓர் ஊன்றுகோலும் ஓர் ஊதலும் உடனிருக்கட்டும். வழி தவறிய பிள்ளை ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்று ஊதலை ஊதப் பழக்குக.

ஐந்தாவது, இடர் காத்தல். நடக்கும்போது வழியறிந்த பெரியவர் ஒருவர் முன்னே, மற்றொருவர் பின்னே, பிள்ளைகள் நடுவே. பின்னே வருபவரைக் கடந்து ஒருவரும் பின்தங்கலாகாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைகளை எண்ணுக. ஏரியிலும் சுனையிலும் பிள்ளைகளை இறங்க விடாதீர். கரையிலிருந்து பார்த்தால் முழங்காலளவாகத் தோன்றும் நீர், அடுத்த அடியில் ஆளை விழுங்கும்.

பாறையிடுக்கில் கை விடுதலும் கல்லைப் புரட்டுதலும் கூடா. பாம்பு தானாக வந்து கடிப்பதில்லை. மிதிபடும்போதும் அகப்படும்போதுமே கடிக்கின்றது. ஒருகால் கடித்துவிட்டால், கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகிய மூன்றும் கேடு பயப்பன. கடிபட்டவரைப் படுக்க வைத்து, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 என்னும் எண்ணுக்கு அழைத்து, நச்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு விரைவதே வழி. மந்திரிப்பதில் கழியும் பொழுது உயிரைக் கொண்டு போகும்.

தேனடைக்கும் அஞ்சுதல் அறிவுடைமை. உயர்ந்த பாறை முகட்டில் தொங்கும் மலைத்தேனீயின் அடையை நோக்கிக் கல்லெறிதல், அதன்கீழ்ப் புகை மூட்டுதல், கூச்சலிடுதல் ஆகியவை முழுக் குடும்பத்தையும் இடரில் தள்ளும். தேனீ கலைந்தால் நின்று கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு விரைந்து விலகுக.

இனி, உலாவின் உயிர்ப்பகுதிக்கு வருவோம். குன்றில் பிள்ளைக்கு எதைக் காட்டுவது?

பெயரைக் காட்டுக! 'அது ஏதோ ஒரு மரம்', 'அது ஏதோ ஒரு பறவை' என்று சொல்லப்பெறும் பிள்ளைக்குக் காடு முழுதும் ஒரு பச்சைச் சுவர், அவ்வளவே. வேம்பு வேறு, வாகை வேறு, நுணா வேறு, உசிலை வேறு என்று இலையைத் தொட்டுக் காட்டப்பெற்ற பிள்ளைக்கு அச்சுவர் உறவினர் கூட்டமாகிவிடுகின்றது. வழியோரத்து ஆவிரை, எருக்கு, தும்பை, பிரண்டை, கள்ளி ஆகியவற்றைக் காட்டுக. நீரில் முக்குளிப்பானையும் நீர்க்காகத்தையும், கரையில் கொக்கையும் நாரையையும், கிளையில் கரிச்சானையும் பனங்காடையையும், புதரில் செம்போத்தையும் காட்டுக. ஒரு நாளில் நூறு பெயர் வேண்டா. பத்துப் பெயர் போதும். பெற்றோர்க்குத் தெரியாத பெயரைப் பாட்டியாரிடமும் ஊராரிடமும் பிள்ளையே கேட்கட்டும். நூலில் ஏறாத பெயர்கள் இன்னும் அவர்கள் நாவில் உள்ளன.

ஏரிக்கரையில் நிற்கும்போது நீரின் வழியைக் காட்டுக. மலையிலிருந்து நீரைக் கொணர்வது வரத்துக்கால். தேக்கிக் காப்பது கரை. வயலுக்கு விடுவது மடை. மிகுநீரைக் கரை உடையாமல் வெளியேற்றுவது கலிங்கு. ஏரி என்று ஏட்டில் எழுதுவதை மதுரைப் பக்கத்தார் கண்மாய் என்பர். ஒவ்வொரு சொல்லும் ஒரு பொறியியற் பாடம். வரத்துக்கால் என்னும் சொல்லை அறிந்த பிள்ளை, அந்தக் காலை மூடி வீடு கட்டுவது ஏன் தவறு என்பதைத் தானே உணரும்.

முழையின்முன் நிற்கும்போது எழுத்தைக் காட்டுக. கையால் தொடாமல், சுண்ணக்கட்டியால் நிரப்பாமல், கண்ணால் மட்டும். அங்குள்ள கல்வெட்டுகளுள் ஒன்று, நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பான் அம்முழையைச் செய்வித்தான் என்கின்றது. மற்றொன்று, இலஞ்சியைச் சேர்ந்த இளம்பேராதன் மகன் இமயவன் செய்வித்ததைச் சொல்கின்றது. நெல்வேலி, இலஞ்சி என்னும் ஊர்ப்பெயர்கள் இன்றும் தென்னாட்டில் வழங்குகின்றன. முழையைக் குறிக்க அங்கு வெட்டப்பட்டுள்ள சொல்லும் 'முழை' என்னும் இன்றைய சொல்லின் உறவே. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கல், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையோடு அதன் வீட்டு மொழியிலேயே பேசுகின்றது! இதனைக் கேட்டு வியக்காத பிள்ளை உண்டா? பிற்கால வட்டெழுத்துக் கல்வெட்டொன்றால் இம்மலைக்குத் திருப்பிணையன் மலை என்னும் பெயர் இருந்ததும் தெரிகின்றது. இத்தகைய கற்படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று மதுரைப் பக்கத்தார் அழைப்பதும் உண்டு. வழக்கு எவ்வாறு உருவாகின்றது, எழுத்து என்ன சொல்கின்றது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பிள்ளைக்கு அது நல்ல பயிற்சி.

இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்கோ என்று எண்ணுவோர் அண்மை நிகழ்வொன்றைக் கருதுக. 2024 நவம்பர்த் திங்களில், அரிட்டாபட்டியை உள்ளிட்ட மேலூர்ப் பகுதியில் ஏறத்தாழ 2,015 எக்டேர்ப் பரப்பில் டங்சுடன் கனிமம் எடுப்பதற்கான ஏல உரிமை தனியார் குழுமம் ஒன்றுக்குச் சென்றது என்று நடுவணரசு அறிவித்தது. ஏட்டில் அது வெறும் நிலத்தொகுதி. எல்லைக்கோடும் எண்ணும் கொண்ட கனிமப் பரப்பு. ஊராருக்கோ அது ஏரி, மடை, கோயில், மேய்ச்சல், முன்னோர் தடம். அவர்கள் ஊர்க்கூட்டங்களில் தீர்மானம் இயற்றினர். திசம்பர் 9ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7ஆம் நாள் மேலூர்ப் பகுதி உழவரும் ஊராரும் ஆயிரக்கணக்கில் மதுரை நோக்கி நடந்தனர். சனவரி 23ஆம் நாள் அந்த ஏலத்தை நடுவணரசு நீக்கியது.

அவ்வெற்றிக்குக் கரணியங்கள் பல. அவற்றுள் ஒன்றை மறத்தலாகாது. எந்தக் குன்றில் எந்த ஊற்று, எந்த ஏரிக்கு எந்தக் கால், எந்தப் பாறையில் எந்த எழுத்து என்று அடுக்கிச் சொல்ல அவ்வூராரால் இயன்றது. 'இங்கு ஒன்றுமில்லை' என்று எவரும் சொல்ல அவர்கள் இடங்கொடுக்கவில்லை. அவ்வறிவு காலால் நடந்து பெற்ற அறிவு. தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லிக் காட்டிப் பெற்ற அறிவு. நாளை வேறோர் ஊரின் குன்றுக்கு இத்தகைய இடர் வருமாயின், அவ்வூர்ப் பிள்ளைகளால் அவ்வாறு அடுக்கிச் சொல்ல இயலுமா? கல்லுடைப்பால் பாதி கரைந்து நிற்கும் குன்றுகள் தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் எத்தனை! அவற்றுள் பலவற்றின் பெயரைக்கூட அடுத்த தெருப் பிள்ளை அறியாது. பெயர் அறியாத பொருள் காணாமற் போனால் எவர் தேடுவார்?

ஆகவே பெற்றோரே! பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டா. வரும் தைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொள்க. அரிட்டாபட்டி தொலைவாயின் அவரவர் ஊருக்கு அருகேயுள்ள குன்றையோ கண்மாய்க் கரையையோ தேர்ந்துகொள்க. பிள்ளைகளை அழைத்துச் செல்வதற்கு ஒரு கிழமை முன்னதாகப் பெரியவர் ஒருவர் சென்று வழியை நடந்து பார்த்து, நிழலையும் நீரையும் இடரையும் குறித்து வருக. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் பிள்ளைகளுக்குத் துணை கிட்டும். பத்துப் பன்னிருவருக்கு மேற்பட்டால் ஓசை மிகும், உயிர்கள் விலகும். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு சிறு சுவடியும் கரிக்கோலும் கொடுக்க. அன்று அறிந்த பத்துப் பெயர்களை அதில் எழுதச் சொல்க. அடுத்த ஆண்டு அதே குன்றுக்கு அதே சுவடியோடு செல்க, பத்து இருபதாகட்டும்.

பூவைப் பறிக்காமலும், கூட்டைக் கலைக்காமலும், கல்லில் பெயர் கிறுக்காமலும் இறங்கி வந்த பிள்ளையின் காலில் சிறிது செம்மண் ஒட்டியிருக்கும். வீட்டு வாயிலில் அதனைக் கழுவும்போது, அது எந்தக் குன்றின் மண் என்று கேளுங்கள். தயங்காமல் பெயர் சொல்லுமாயின், அந்தக் குன்றுக்கு ஒரு காவலாள் பிறந்துவிட்டான் அல்லது பிறந்துவிட்டாள் என்று மகிழ்க!